முதல்ல என்னை எடுங்க

ஜூலை 3, புதன்

கேமராவைச் சும்மா வைத்திருந்தால் லென்சுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்று ஜெரால்டு சொல்லிவிட்டுப் போனார். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டில் பூஞ்சை பிடிக்கிற பொருள் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். போட்டிக்கு ஆள் இருக்கிறது.

ஜெரால்டு பாளையங்கோட்டையில் ஒரு போட்டோக் கூட்டம் நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவும் கையுமாக ஊரைச் சுற்றுகிற கூட்டம். என் மனைவி உலகம்மை அதில் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகள் சுபஸ்ரீ ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தாலும் கொடுத்தாள், அதிலிருந்து தெருவில் போகிற வருகிற ஆட்களைப் பிடித்துப் படமெடுப்பதே இவளுக்குப் பிழைப்பாகிவிட்டது. நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவேன். தள்ளி ஓரிடத்தில் நிறுத்திக் காத்திருப்பேன். மார்ச் மாதம் ஒரு காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி எழுத இந்த நோட்டை வாங்கவில்லை.

வந்த விஷயம் வேறு. ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி அவள் எடுத்த படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தப் போகிறார்களாம். எல்லாம் தெருவில் எடுத்த முகங்கள்.

"படத்துல இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா நல்லா இருக்கும் சார்" என்றார் ஜெரால்டு.

"பொது இடத்துலதான எடுத்திருக்கா. எதுக்குக் கேக்கணும்?"

"எடுக்கக் கேக்கறது வேற. செவுத்துல பெருசா மாட்டக் கேக்கறது வேற. மேடம் இருந்தா கேட்டிருப்பாங்க."

சரி, நானே கேட்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது எனக்குப் பழக்கம்.

அவர் போன பிறகு படங்களைப் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒரு விஷயம் புரியவில்லை. ஒருவரிடம் கேட்டுவிட்டுப் படமெடுத்தால் முகம் ரேஷன் கார்டு முகமாக விறைத்துவிடும். கேட்காமல் எடுத்தால் திருடிய முகம். ஆள் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். இவள் எடுத்ததில் எல்லோரும் நேராக கேமராவைப் பார்க்கிறார்கள். ஆனாலும் ஒருவர்கூட விறைக்கவில்லை. பல் விழுந்த வாயைத் திறந்து சிரிக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்த்து எப்படி இப்படிச் சிரிப்பார்கள்?

என்ன மாயம் செய்தாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜூலை 4, வியாழன்

இதையும் எழுதிவிடுகிறேன். ஹாலில் மாட்டியிருக்கிற படம் உலகம்மை இல்லை. பெயர், தேதி எல்லாம் சரியாக இருக்கிறது. ஆள் வேறு.

மார்ச்சில் போஸ்டர் அடிக்க ஒரு படம் கேட்டார்கள். கேமராவில் ஊரில் உள்ள முகமெல்லாம் இருக்கிறது, அவள் முகம் இல்லை. எடுக்கிறவள் எப்படிப் படத்தில் இருப்பாள்? மகளின் போனில் இருப்பதெல்லாம் விசேஷ வீட்டுப் படங்கள். அவற்றிலும் தேசிய கீதம் பாடுகிற மாதிரி நிற்பாள். தன்னை யாராவது எடுக்க வந்தால் அவளுக்கு அப்படி ஒரு விறைப்பு. கடைசியில் சுபஸ்ரீயின் கல்யாண ஆல்பத்தில் நானும் அவளும் நிற்கிற படத்தை எடுத்து, என்னை வெட்டிவிட்டு, பின்னால் ஆகாய நீலம் பூசி, வண்ணார்பேட்டை காதர் கடையில் பிரேம் போட்டுத் தந்தார்கள். இடது ஓரத்தில் என் தோள்பட்டை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பார்லரில் உட்காரவைத்துப் பூசிய முகம். "யாரோ பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கேன்" என்று அவளே அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவாள்.

படத்துக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. மார்ச்சிலிருந்து இரவும் பகலும் எரிகிறது. மின்வாரியக்காரன் வீட்டிலேயே வீண் கரண்டு. அணைக்கலாம் என்று ஸ்விட்ச் வரைக்கும் போவேன். கை வராது.

இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அந்த பேங்க் மேனேஜர்தான் வருகிறாள். உலகு வரமாட்டேன் என்கிறாள். பயமாக இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

மாயம் என்னவென்று நானே செய்து பார்க்கலாம் என்று கேமராவை எடுத்துக்கொண்டு பாளை மார்க்கெட்டுக்குப் போனேன்.

முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவன் நான். கேட்டைத் திறந்து "கரண்டு" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், உள்ளே போய்விடலாம். அந்தக் குரல் இன்னும் தொண்டையிலேயே இருக்கிறது போலும். மரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் "போட்டோ" என்றேன். அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டார்.

சரி, கேட்காமல் எடுப்போம் என்று கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாளை எடுத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பிவிட்டார்.

"எதுக்கு எடுத்திய?"

"சும்மாத்தான்மா."

"சும்மா எதுக்கு எடுக்கணும்? அழிங்க."

நியாயமான கோரிக்கை. அழிக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. எதையோ அழுத்தினேன், அந்த அம்மாள் முகம் திரையில் இன்னும் பெரிதாக வந்தது. சுற்றி ஆள் கூடிவிட்டது. கடைசியில் அவரே கேமராவை வாங்கி, திருப்பிப் பார்த்து, அழித்துவிட்டு, "வயசுக்கேத்த வேலையப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். எனக்குக் குரங்குகூட மிஞ்சவில்லை.

தெருவில் படமெடுக்கப் போகிறவன் முதலில் அழிக்கிற பொத்தானைப் படித்துவிட்டுப் போகவேண்டும். இன்றைய பாடம் இது. கத்தரிக்காய் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

மாயம் தெரிந்துவிட்டது.

ஜங்ஷன் பாலத்துக்கடியில் சாவி செய்கிற ஞானமுத்துவைத் தேடிப் போனேன். படத்தில் அவர் சாவிக்கொத்தை ஜிமிக்கி மாதிரி காதோரம் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். படத்தைக் காட்டியதும் அதே சிரிப்பு.

"தாராளமா மாட்டுங்க அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரிய கூட்டிட்டு வந்து காட்டணும்."

"ஒண்ணு கேக்கணும். உங்கள எடுக்கும்போது அவ என்ன சொன்னா? எப்படிச் சிரிக்க வச்சா?"

"அவுக எங்க சிரிக்க வச்சாவ? நாந்தான் அவுகள எடுத்தேன்."

எனக்குப் புரியவில்லை. ஞானமுத்து விளக்கினார். உலகம்மை வந்து நின்றாளாம். உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டாளாம். இவர் வேண்டாம், அழுக்குச் சட்டை என்றாராம். "அப்ப முதல்ல என்னை எடுங்க. உங்க போன்லயே எடுங்க. பிடிச்சிருந்தா நான் உங்கள எடுக்கேன். சரிக்குச் சரி" என்றாளாம்.

"எனக்குச் சாவி பிடிச்ச கை, போன் நிக்கல. ஒரு தடவ ஆகாசத்த எடுத்தேன், ஒரு தடவ அவுக செருப்ப எடுத்தேன். அவுக சிரிச்சாவ, நானும் சிரிச்சேன். ஒருவழியா ஒண்ணு எடுத்தேன். பெறவு அவுக எப்ப எடுத்தாவன்னே எனக்குத் தெரியாது."

இவ்வளவுதான் விஷயம். இதை என்னிடம் ஒருநாளும் அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. தள்ளி நிற்கிறவனுக்கு யாரோ இருவர் வாய் ஓயாமல் பேசுவது மட்டும்தான் தெரியும்.

"நீங்க எடுத்த அந்தப் படம் போன்ல இருக்கா?" என்று கேட்டேன்.

"அந்தப் போன் கீழ விழுந்து செத்துப்போச்சு அண்ணாச்சி. இது புதுசு."

பரவாயில்லை. எனக்கு வேண்டியது அனுமதிதான். அது கிடைத்துவிட்டது.

ஜூலை 10, புதன்

சுபஸ்ரீ பெங்களூரிலிருந்து பேசினாள். சாப்பிட்டீங்களா என்றாள். கத்தரிக்காய்க் கூட்டு என்றேன். பொய். ரசம்.

ஜூலை 13, சனி

எல்லோரும் ஞானமுத்து ஆகிவிட மாட்டார்கள். டீக்கடை வாசலில் கிளாசோடு நிற்கிற ஒருவரின் படம். மத்தியான வெயில், சட்டைப் பையில் ஆபீஸ் அடையாள அட்டை. அந்த டீக்கடையிலேயே விசாரித்துக் கண்டுபிடித்தேன். படத்தைப் பார்த்ததும் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனார்.

"இது வேண்டாம் சார். அப்ப எனக்கு வேலை போயி ரெண்டு மாசம். வீட்டுல சொல்லல. தினமும் அட்டையப் போட்டுக்கிட்டு வந்து இங்கதான் நிப்பேன். இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது."

"இப்ப வேலை இருக்கா?"

"இருக்கு சார். ஆனா இந்தப் படத்தப் பாத்தா கேப்பாளே, இந்நேரத்துக்கு டீக்கடையில என்ன வேலைன்னு."

படத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வார்த்தை கேட்காமல் சுவரில் மாட்டியிருந்தால் ஒரு குடும்பத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்ததில் வீட்டுச் சந்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

குறுக்குத்துறை படித்துறையில் தோளோடு தோள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரு ஜோடியின் படமும் இருக்கிறது. அதை நானே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அவர்களைத் தேடிக்கொண்டு போனால் அதுவே ஊருக்குச் சேதியாகிவிடும்.

ஜூலை 16, செவ்வாய்

பூக்கட்டுகிறவர், பஸ் கண்டக்டர், ஜெபமாலை விற்கிற அம்மாள் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். எல்லோரையும் உலகம்மை முதலில் தன்னை எடுக்கச் சொல்லியிருக்கிறாள். ஒருவர் போன் திருட்டுப் போய்விட்டது. ஒருவர் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டார். ஜெபமாலை அம்மாள் எடுத்தது தெளிவாக இல்லை. புடவை மட்டும் தெரிகிறது. அந்த வாடாமல்லி நிறப் புடவை பீரோவில் இருக்கிறது.

ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். கேட்டது தப்பில்லையே.

ஜூலை 18, வியாழன்

ஆடிக்காற்று ஆளைத் தூக்குகிறது.

இன்று பச்சைக்குடை. இருக்கிற படங்களிலேயே இதுதான் உசத்தி, அழைப்பிதழில் இதைத்தான் போட வேண்டும் என்று ஜெரால்டு ஒற்றைக்காலில் நிற்கிறார். ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கிற வண்டி ஸ்டாண்டில், பச்சைக்குடைக்குக் கீழே உட்கார்ந்து டோக்கன் போடுகிற அம்மாள். பெயர் பேச்சித்தாய். என் வயதுதான் இருக்கும். படத்தில் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். குடையின் பச்சை முகமெல்லாம் இறங்கியிருக்கிறது.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. கொழுந்தியாளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பினோம். எனக்கு நல்ல பசி. உலகம்மை ஸ்டாண்டுக்குள் நுழைந்துவிட்டாள். நான் வெளியே வண்டியில் உட்கார்ந்து மணியைப் பார்த்து மணியைப் பார்த்து எரிச்சலில் வெந்துகொண்டிருந்தேன்.

படத்தைப் பார்த்ததும் பேச்சித்தாய், "ஏ ஆத்தா, இது நானா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க அந்த டீச்சரம்மா வீட்டுக்காரரா? அவுகள எங்க, கூட்டிட்டு வரலியா?"

"அவ வரல" என்றேன். "வேலை இருக்கு."

வெயில் கடுமையாக இருந்தது. நின்று விளக்கிச் சொல்ல நேரமில்லை.

"கேட்டதாச் சொல்லுங்க. எனக்கு இந்தப் படத்த நல்லாப் பெருசா, பிரேம் போட்டுக் கொண்டாங்க. வீட்டுல எல்லாரும் பாக்கட்டும். பெறவு எங்க வேணும்னாலும் மாட்டிக்கிடுங்க. சீக்கிரமாக் கொண்டாங்க, நான் ஆஸ்பத்திரிக்குப் போவ வேண்டியிருக்கு."

என்ன ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை.

ஜூலை 20, சனி

காதர் கடைக்குப் போனேன். என்ன சைஸ், என்ன பிரேம் என்று என்னென்னவோ கேட்டார். பீடிங் வேண்டுமாம், மவுண்ட் வேண்டுமாம். எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? மார்ச்சில் நின்ற அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். "போன தடவ போட்ட மாதிரியே போட்டிருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

துணி துவைத்தேன். காற்றில் ஒரு வேட்டி பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது.

ஜூலை 26, வெள்ளி

இப்படி ஒரு காரியம் என் கையால் நடக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது.

மத்தியானம் போனபோது காதர் தொழுகைக்குப் போயிருந்தார். பேப்பர் சுற்றி, சணல் கட்டி, என் பெயர் எழுதித் தயாராக இருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு நேராக ஸ்டாண்டுக்குப் போனேன். பேச்சித்தாய்க்குச் சோறு கொண்டுவந்திருந்த மருமகள் மாரிச்செல்வி கூட இருந்தாள். "டீச்சரம்மா படம் வந்துட்டு" என்று பேச்சித்தாய் கையைத் துடைத்துவிட்டு ஆசையாகப் பிரித்தாள்.

பச்சைக்குடையைக் காணோம். முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் ஆகாய நீலம் பூசியிருந்தது. தங்கநிறப் பிரேம். மேலே சிவப்பு பல்பு, பின்னால் சுருட்டி ஒட்டிய ஒயர். சந்தனமாலை மாட்ட இரண்டு பக்கமும் கொக்கி. கீழே ‘தோற்றம்’ என்று எழுதி இடம் விட்டிருந்தது. பக்கத்தில் ‘மறைவு’ என்று எழுதி இடம் விட்டிருந்தது.

மாரிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சித்தாய் ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

"புதங்கெழம பெரியாஸ்பத்திரியில எனக்கு ஆபரேசன் அண்ணாச்சி" என்றாள். "கர்ப்பப்பைய எடுக்கப் போறாவ. எந்திரிச்சு வருவனா மாட்டனான்னு நானே பயந்துபோய்க் கெடக்கேன். நீங்க பல்பே போட்டுக் கொண்டாந்துட்டிய."

"கடைக்காரர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரும்மா. நான் பாக்காமக் கொண்டாந்துட்டேன்."

"படமும் வேணாம் ஒண்ணும் வேணாம். எம்மூஞ்சிய எங்கயும் மாட்டக்கூடாது. பேசணும்னா அந்தம்மாவ வரச் சொல்லுங்க. அவுகட்ட நான் பேசிக்கிடுதேன்."

சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன். ஹாலில் வைக்க முடியாது. படுக்கை அறையில் வைக்க முடியாது. கடைசியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஜூலை 27, சனி

சண்டை போடத்தான் காதர் கடைக்குப் போனேன்.

"போன தடவ மாதிரியேன்னு நீங்கதான சார் சொன்னிய" என்றார். "முகத்த வேற ஒரு மாதிரி வச்சுக்கிட்டுச் சொன்னிய. திரும்பவும் வீட்டுல ஏதோ துக்கம், யாருன்னு கேட்டா மனசு கஷ்டப்படுவாவன்னு நான் கேக்கல. தேதி மட்டும் பெறவு எழுதிக்கிடலாம்னு எடம் விட்டேன்."

என்ன சண்டை போடுவது? அந்த மனுஷர் மரியாதைக்காகக் கேட்காமல் விட்டிருக்கிறார். நான் திறந்து பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

ஜெரால்டிடம் சொன்னேன். "விடுங்க சார், அழைப்பிதழ்ல வேற படம் போட்டுக்கலாம்" என்றார். அவருக்கு அது ஒரு படம். அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மூடநம்பிக்கை என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஜூலை 31, புதன்

ஹைகிரவுண்டு பக்கம் ஒரு வேலையாகப் போனேன். அப்படியே பெரியாஸ்பத்திரி வாசலில் கொஞ்சம் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

மாரிச்செல்வி பிளாஸ்க்கோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். காபி வாங்கிக்கொண்டு திரும்பும்போது நின்றாள்.

"அத்தைக்கு நல்லபடியா முடிஞ்சிட்டு. முழிச்சுட்டாவ. நீங்க வீட்டுக்குப் போங்க."

ஆஸ்பத்திரி எதிரில் நின்று மூன்று புரோட்டா சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

பச்சைக்குடைப் படத்தை, பிரேம் எதுவும் இல்லாமல், கையடக்கமாகப் பிரதி எடுத்துக்கொண்டு பேச்சித்தாய் வீட்டுக்குப் போனேன். சம்மதம் கேட்கப் போகவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் யோசனை.

கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. எனக்கு ஆயுசு கெட்டி. செத்துட்டதாப் பொய்ச்சேதி வந்தாலே ஆயுசு கூடும்பாவ. எனக்குத்தான் பல்பே போட்டாச்சே. வார்டு பூரா சொல்லிச் சிரிச்சேன், தையல் விட்டுரும்னு நர்ஸம்மா வஞ்சாவ."

எனக்கு உயிர் வந்தது. படத்தைக் கொடுத்தேன். குடை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டாள்.

"தப்பு எம்மேலதான். போன தடவ மாதிரியே போடுங்கன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"போன தடவ யாருக்குப் போட்டிய?"

செம்பில் தண்ணீர் இருந்தது. எடுத்துக் குடித்தேன். பிறகு சொன்னேன்.

பேச்சித்தாயின் சிரிப்பு நின்றுவிட்டது. "எப்ப?" என்றாள். மார்ச் என்றேன். உள்ளே மாரிச்செல்வி மிக்சியை நிறுத்தியது கேட்டது.

"பெறவு ஏன் அன்னைக்கு வேலை இருக்குன்னு சொன்னிய?"

"தெரியல" என்றேன். இங்கே உண்மையை எழுதிவிடுகிறேன். அவள் எங்கே என்று பேச்சித்தாய் அன்றைக்குக் கேட்டபோது, உலகு உயிரோடு இருக்கிற இடம் இந்த ஊரில் ஒன்றாவது பாக்கி இருக்கிறதே என்று இருந்தது. என் வாயால் அதையும் இல்லாமல் செய்ய மனம் வரவில்லை.

பேச்சித்தாய் தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்தாள். விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

"ஸ்டாண்டுக்கு டெய்லி எத்தனையோ பேரு வாராவ. டோக்கனப் பாப்பாவ, என்னையப் பாக்க மாட்டாவ. என்னைய எடுக்கட்டுமான்னு கேட்டது அவுக ஒருத்திதான். முதல்ல என்னைய எடுங்கன்னு போஸ் குடுத்தவுகளும் அவுக ஒருத்திதான். நான் அத அழிக்கல."

போனை என் கையில் கொடுத்தாள்.

உலகு. கழுத்தில் கேமரா தொங்குகிறது. பேச்சித்தாய் என்ன சொன்னாளோ, வாயைத் திறந்து சிரிக்கிறாள். சிரிப்பை மறைக்கப் பாதி தூக்கிய கை. காற்றில் முடி நெற்றியில் விழுந்திருக்கிறது. மூக்குக்கண்ணாடி கொஞ்சம் கோணல். அது எப்போதும் அந்தப் பக்கம்தான் கோணும். நான் மறந்துபோயிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாத வீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

பேச்சித்தாய் என்னை அழவிட்டாள். பிறகு எட்டி, படத்தின் மூலையில் விரலை வைத்துப் பெரிதாக்கினாள்.

"பின்னால வண்டியில இருக்கது நீங்கதான?"

நான்தான். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில், ஹெல்மெட்டோடு. அன்றைக்கு எவ்வளவு எரிச்சலில் இருந்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படத்தில் எரிச்சலைக் காணோம். நான் மணியைப் பார்க்கவில்லை. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் சிரிப்பது எனக்குத் தெரிந்திருக்காது, ஆனால் நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

"அந்தம்மா எங்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தாவ" என்றாள் பேச்சித்தாய். "நான் உங்கட்ட ஒரு வார்த்த கேக்காம உங்களையும் சேத்து எடுத்துட்டேன். இப்ப கேக்கேன். வேணாம்னா சொல்லுங்க, ஒங்கள வெட்டிட்டு அவுகள மட்டும் அனுப்புதேன்."

"வெட்டாதீங்க" என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

வாசலுக்கு வந்த பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "எம்படத்த மாட்டிக்கிடுங்க அண்ணாச்சி. குடையோட."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கண்காட்சி. நல்ல கூட்டம். ஞானமுத்து மனைவியோடு வந்து தன் படத்துக்கு எதிரே நின்றவர் நகரவே இல்லை. பேச்சித்தாய் மாரிச்செல்வியைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். பச்சைக்குடைக்குக் கீழே அவளை நிறுத்தி ஆளாளுக்குப் படமெடுக்க வந்தார்கள். "பொறு. முதல்ல ஒன்னைய நான் எடுக்கேன்" என்று ஒவ்வொருவரையும் சுவரோரம் நிறுத்திவிட்டாள். ஜெரால்டையும் விடவில்லை.

டீக்கடை வாசலில் நின்றவரின் படத்துக்கு ஒதுக்கிய இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார்கள். அந்த வெற்றுச் சுவரின் முன்னாலும் இரண்டு பேர் நின்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 21, புதன்

காதர் கடைக்குப் போனேன். இந்த முறை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பின்னால் நீலம் வேண்டாம். எதையும் வெட்ட வேண்டாம். மரநிறப் பிரேம் போதும். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் தயங்கினார்.

"மேடம்தான?"

"ஆமா."

"பல்பு, கொக்கி?"

நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு மூலையைப் பார்த்தார்.

"பின்னால யாரு சார் இது, ஹெல்மெட்டோட?"

"நான்தான்."

"அப்ப மாலையும் போடக்கூடாது, பல்பும் வைக்கக்கூடாது சார். உயிரோட இருக்கிற ஆளு கூட நிக்காவளே."

"வேண்டாம்" என்றேன்.

இந்த முறை கடையிலேயே நின்று, ஆணி அடித்து முடிக்கும்வரை பார்த்து, பேப்பர் சுற்றாமல் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். சிவப்பு பல்பின் பிளக்கைப் பிடுங்கி, பேங்க் மேனேஜரை இறக்கித் துடைத்து, வாடாமல்லிப் புடவைக்குப் பக்கத்தில் பீரோவில் வைத்தேன். அதே ஆணியில் இதை மாட்டினேன். மார்ச்சிலிருந்து போட்டபடியே இருந்த ஸ்விட்சை அணைத்தேன்.